கடல் கடந்த அழைப்புக்கு ஒரு சிறிய பெட்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சாதாரணத் தொலைபேசியை இணையத்தோடு இணைக்கும் வாய்ப் அடாப்டரைப் பற்றிச் சென்ற இதழில் சுருக்கமாகக் குறிப்பிட்டிருந்தோம். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பல, பெட்டியை வாங்கிவிட்டு இடையில் எங்கோ தடைப்பட்டு நின்றவர்கள் எழுதியவை. ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்தால் அதை ஒரே கேள்வியாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: பல ஆண்டுகளாக ஸ்கைப்பில் பணம் கட்டி, வேறு நாட்டில் இருக்கும் என் தந்தையின் தரைவழித் தொலைபேசிக்கு அழைத்துப் பேசி வந்தேன். அந்தச் சேவை நின்றுவிட்டது. அவருக்கு வயது 84. தொடுதிரைக் கைப்பேசி பழகவில்லை. வாய்ப் அடாப்டர் வாங்கினால் எனக்குப் பயன்படுமா?

பதில்: பயன்படும். 2003-இல் தொடங்கி 2025 மே 5-ஆம் தேதி மூடப்பட்ட ஸ்கைப், உங்கள் குரலை இணையத்தின் வழியே தந்தை இருக்கும் நாடு வரை கொண்டுபோய் அங்குள்ள தொலைபேசி வலையில் சேர்த்தது. அதே வேலையை எஸ்.ஐ.பி. என்னும் பொது நெறிமுறையில் இயங்கும் வேறு பல நிறுவனங்களும் செய்கின்றன. அடாப்டர் என்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டி. ஒரு துளையில் ரவுட்டரிலிருந்து வரும் ஈதர்நெட் கேபிளும், இன்னொரு துளையில் சாதாரணத் தொலைபேசியின் கம்பியும் செருகப்படும். தொலைபேசி நிலையம் கொடுத்து வந்த டயல் டோனையும் மணி அடிப்பதற்கான மின்னழுத்தத்தையும் பெட்டி தானே உண்டாக்கிக் கொடுத்துவிடுவதால், கையில் எடுத்துப் பேசுபவருக்கு எந்த மாற்றமும் தெரியாது.

ஆனால் பெட்டியை எந்த வீட்டில் வைப்பது என்பதை வாங்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் வீட்டில் வைத்தால் நீங்கள் அழைப்பது மலிவாகும். அவர் உங்களை அழைக்கும்போது பழையபடி சர்வதேசக் கட்டணம்தான். அவர் இருக்கும் ஊரின் உள்ளூர் எண் ஒன்றை மாத வாடகைக்கு வாங்கி, அது உங்கள் வீட்டு அடாப்டரில் மணி அடிக்கும்படி செய்தால், அவருக்கு அது உள்ளூர் அழைப்பாகிவிடும். எல்லா நாட்டு எண்களும் அப்படிக் கிடைப்பதில்லை என்பது மட்டுமே இதிலுள்ள குறை. அவர் வீட்டில் இணையம் இருந்தால் அங்கேயும் ஓர் அடாப்டரை வைத்து, இரண்டு வீடுகளையும் ஒரே நிறுவனத்தில் பதிவு செய்யலாம். ஒரே நிறுவனத்தின் இரண்டு கணக்குகளுக்கு இடையே நடக்கும் அழைப்புக்குப் பெரும்பாலும் கட்டணமே இருப்பதில்லை. எனக்கு இந்த வழியே மிகவும் பிடித்தது. கைக்குப் பழகிய தொலைபேசியை எடுத்துச் சில இலக்கங்களை அழுத்தினால் மகளோ மகனோ பேசுவார்கள் என்ற நிலையை ஒரு முதியவருக்கு அமைத்துக் கொடுப்பதுதான், மிச்சமாகும் பணத்தைவிட, இந்தப் பெட்டியின் பெரிய பயன் என்று நான் நினைக்கிறேன். இரு பக்கமும் கைப்பேசிச் செயலியில் பேசிப் பழகியவர்களுக்கு இது தேவையே இல்லை.

கேள்வி: கடையில் ஒரு துளை உள்ளது, இரண்டு துளை உள்ளது, எஃப்.எக்ஸ்.எஸ்., எஃப்.எக்ஸ்.ஓ. என்றெல்லாம் சொல்கிறார்கள். பழைய பெட்டி ஒன்று மிகக் குறைந்த விலைக்கும் கிடைக்கிறது. எதை வாங்குவது?

பதில்: தொலைபேசிக் கருவியைச் செருகும் துளைக்கு எஃப்.எக்ஸ்.எஸ். என்று பெயர், உங்களுக்குத் தேவையானது அது. எஃப்.எக்ஸ்.ஓ. என்பது வெளியிலிருந்து வரும் தொலைபேசி நிறுவனத்தின் கம்பியைச் செருகுவதற்கானது. வீட்டுத் தேவைக்கு அநேகமாக வேண்டியதில்லை. ஒரே தொலைபேசிதான் என்றால் ஒரு துளை போதும்.

பழைய பெட்டியில் மூன்றைப் பாருங்கள். சில பெட்டிகளை விற்ற சேவை நிறுவனமே தன் கணக்கைத் தவிர வேறு எதுவும் பதிய முடியாதபடி பூட்டி வைத்திருக்கும். அத்தகைய பெட்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் உங்களுக்குப் பயன்படாது. அடுத்து, பெட்டியை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேருக்கு இன்னும் திருத்தங்கள் வருகின்றனவா என்று பாருங்கள். ஒரு காலத்தில் ஏராளமாக விற்ற சிஸ்கோ எஸ்.பி.ஏ.112 பெட்டியில், கடவுச்சொல் இல்லாமலேயே யாரும் தம் சொந்த ஃபர்ம்வேரை ஏற்றிவிடக்கூடிய கடுமையான ஓட்டை இருப்பது 2023 மே மாதம் வெளியானது. அந்தப் பெட்டியின் ஆதரவுக் காலம் முடிந்துவிட்டதால் திருத்தம் வெளியிடப் போவதில்லை என்று அந்த நிறுவனமே அறிவித்தது. பணம் செலவாகும் கணக்கு ஒன்றை இப்படிப்பட்ட பெட்டியில் வைப்பது சரியல்ல. மூன்றாவது, அதற்கு உரிய மின் அடாப்டர் உடன் இருக்கிறதா என்பது. மின்னழுத்தம் மாறிய ஒன்றைச் செருகினால் பெட்டி எரிந்துபோகலாம்.

கேள்வி: புதிய அடாப்டரை ரவுட்டரில் செருகினேன், விளக்குகள் எரிகின்றன. அடுத்து என்ன செய்வதென்றே தெரியவில்லை. பெட்டியில் திரையும் இல்லை, பொத்தானும் இல்லை.

பதில்: பெட்டியோடு பேச உங்கள் தொலைபேசியே போதும். தொலைபேசியைச் செருகி, கையில் எடுத்து, டயல் டோன் கேட்கிறதா என்று பாருங்கள். கிராண்ட்ஸ்ட்ரீம் எச்.டி. வரிசைப் பெட்டியானால் நட்சத்திரக் குறியை மூன்று முறை அழுத்துங்கள். ஒரு குரல் ஆங்கிலத்தில் பட்டியல் எண்ணைக் கேட்கும். உடனே 02 என்று அழுத்தினால், வலையில் பெட்டியை அடையாளம் காட்டும் எண்ணான ஐ.பி. முகவரியை அந்தக் குரல் இலக்கம் இலக்கமாகச் சொல்லும். லிங்க்சிஸ், சிஸ்கோ பெட்டிகளில் நட்சத்திரக் குறியை நான்கு முறை அழுத்தி, பிறகு 110# அழுத்த வேண்டும். அருகில் காகிதமும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். 192, 168 என்று தொடங்கும் நான்கு எண்களை அது வேகமாகச் சொல்லி முடித்துவிடும். அதே ரவுட்டரோடு இணைந்த கணினியின் பிரவுசரில் அந்த எண்களைப் புள்ளி வைத்துத் தட்டினால் பெட்டியின் அமைப்புப் பக்கம் திறக்கும். நுழைவதற்கான கடவுச்சொல் புதிய பெட்டிகள் பலவற்றில் அடிப்பகுதி ஒட்டுச்சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். பழையவற்றில் அது எல்லாருக்கும் தெரிந்த ஒரே சொல்லாக இருக்கும் என்பதால், உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக அதை மாற்றிவிடுங்கள்.

அமைப்புப் பக்கத்தில் நூறு கட்டங்கள் இருந்தாலும் நீங்கள் நிரப்ப வேண்டியவை நான்கைந்துதான்: எஸ்.ஐ.பி. சர்வரின் பெயர், பயனர் எண், உறுதிப்பாட்டுப் பெயர், கடவுச்சொல். சில நிறுவனங்கள் கேட்டால் வெளிச்செல் பிராக்ஸியின், அதாவது அழைப்புகளை இடையில் வாங்கி அனுப்பும் சர்வரின், பெயர். இவை அனைத்தையும் சேவை நிறுவனம் கணக்குத் தொடங்கியவுடன் கொடுத்திருக்கும். இங்கே அதிகமானோர் செய்யும் பிழை, நிறுவனத்தின் இணையதளத்தில் நுழையும் கடவுச்சொல்லை இங்கும் எழுதிவிடுவது. பல நிறுவனங்களில் எஸ்.ஐ.பி. கடவுச்சொல் தனி. சேமித்துப் பெட்டியை மறுதொடக்கம் செய்தபின், நிலைமைப் பக்கத்தில் கணக்கு பதிவாகியிருக்கிறது என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அங்கே வரும் எண்ணைக் கவனியுங்கள். 403 என்றால் சர்வர் உங்களை மறுக்கிறது; கணக்கு எண்ணையோ கடவுச்சொல்லையோ திருத்த வேண்டும். 408 என்றால் சர்வரிடமிருந்து பதிலே வரவில்லை; சர்வரின் பெயரில் எழுத்துப் பிழையோ, இணையத்தில் தடையோ இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. வீட்டின் எல்லா அறைகளிலும் மணி அடிக்கட்டும் என்று அடாப்டரிலிருந்து ஒரு கம்பியைச் சுவரிலுள்ள தொலைபேசித் துளையில் செருகிவிடாதீர்கள். வெளியிலிருந்து தொலைபேசி நிறுவனத்தின் கம்பி இன்னும் உயிரோடு வந்துகொண்டிருந்தால், ஏறத்தாழ 48 வோல்ட் மின்சாரமும், மணி அடிக்கும்போது அதைவிட அதிகமும் எதிர்த்திசையில் பாய்ந்து பெட்டி கெட்டுவிடும். வெளிக் கம்பியை வீட்டுக் கம்பியிலிருந்து முழுமையாகப் பிரித்த பிறகே அப்படிச் செய்யலாம்.

கேள்வி: பதிவாகிவிட்டது, மணியும் அடிக்கிறது, நான் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறது, அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கவில்லை. பெட்டி பழுதா?

பதில்: பெட்டியில் பழுதில்லை, அநேகமாக ரவுட்டரில்தான் சிக்கல். நானே முதன்முதலாக ஓர் அடாப்டரை அமைத்தபோது மூன்று மாலைகள் இந்தச் சிக்கலோடு போராடியிருக்கிறேன். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இணைய அழைப்பில் இரண்டு தனித்தனி ஓட்டங்கள் இருக்கின்றன. யார் யாரை அழைக்கிறார், எடுத்தாரா, வைத்தாரா என்ற செய்திகள் எஸ்.ஐ.பி. நெறிமுறையில், வழக்கமாக 5060 என்ற போர்ட் (கருவிக்குள் நுழையும் எண்ணிட்ட வாசல்) வழியே போகின்றன. குரல் ஆர்.டி.பி. என்ற வேறு நெறிமுறையில், வேறு போர்ட்டுகளில் போகிறது. “எனக்கு வர வேண்டிய குரலை இந்த முகவரிக்கு அனுப்பு” என்று அடாப்டர் எஸ்.ஐ.பி. செய்திக்குள் எழுதி அனுப்பும்போது, தனக்குத் தெரிந்த முகவரியைத்தான் எழுதும்; அது வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் 192.168 முகவரி. வெளியில் இருப்பவர் அந்த முகவரிக்குக் குரலை அனுப்பினால் அது எங்கும் சேராது. மணி அடிப்பதும், ஒரு பக்கக் குரல் போவதும், மறுபக்கம் மௌனமாக இருப்பதும் இதனால்தான்.

இதைச் சரிசெய்ய முதலில் ரவுட்டரின் அமைப்பில் எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி. என்ற வசதி இருக்கிறதா என்று தேடி, அதை அணைத்துவிடுங்கள். அடாப்டருக்கு உதவி செய்வதாக எண்ணி, ரவுட்டர் எஸ்.ஐ.பி. செய்திகளைப் பிரித்து முகவரிகளைத் திருத்தும் வசதி அது. நடைமுறையில் அரைகுறையாகத் திருத்தி அழைப்பைக் கெடுப்பதே அதிகம். என் வீட்டில் அந்த ஒரு குறியை நீக்கியவுடன் குரல் வந்தது. அப்போதும் சரியாகாவிட்டால், அடாப்டரில் ஸ்டன் என்னும் வசதியை இயக்கி, சேவை நிறுவனம் தரும் ஸ்டன் சர்வரின் பெயரை எழுதுங்கள். வெளியுலகத்துக்குத் தெரியும் தன் முகவரி எது என்பதை அடாப்டர் அதனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும். ஆனால் நிறுவனத்தின் சர்வரே இந்த முகவரிச் சிக்கலைச் சமாளித்துக்கொள்ளும் வகையினதாக இருந்தால், ஸ்டன் தேவையில்லை. இரண்டும் சேர்ந்தால் சில நேரம் புதிய குழப்பம் வரும். ஆகவே ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் நிறுவனத்தின் எதிரொலிச் சோதனை எண்ணுக்கு அழைத்துப் பாருங்கள். நீங்கள் பேசியது உங்களுக்கே திரும்பக் கேட்டால் இரு பக்கமும் பாதை திறந்துவிட்டது.

வீட்டில் ஒரு ரவுட்டருக்குப் பின்னால் இன்னொரு ரவுட்டர் இருந்தால் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகும். அடாப்டரை முதல் ரவுட்டரிலேயே நேராகச் செருகுங்கள். இன்னொரு குறிப்பு: பேசி முடித்துச் சில நிமிடங்களுக்குப் பிறகு வரும் அழைப்புகள் மட்டும் மணி அடிக்காமல் போனால், ரவுட்டர் தான் திறந்து வைத்த வழியை மூடிவிடுகிறது என்று பொருள். அடாப்டரில் கீப் அலைவ் என்ற வசதியை இயக்கி, 20 விநாடிக்கு ஒரு முறை சிறு செய்தி அனுப்பச் சொன்னால் வழி திறந்தே இருக்கும்.

கேள்வி: எங்கள் இணையம் 100 எம்.பி.பி.எஸ். வேகம். இருந்தும் மாலை நேரத்தில் குரல் விட்டுவிட்டு வருகிறது. இன்னும் வேகமான திட்டம் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஓர் அழைப்புக்கு எவ்வளவு வேகம் தேவை என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். குரலை எண்களாக மாற்றும் முறைக்குக் கோடெக் என்று பெயர். ஜி.711 என்ற பழைய, தரமான கோடெக், குரலை விநாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதுகிறது. அது விநாடிக்கு 64,000 பிட். 20 மில்லி விநாடிக்கு ஒரு பாக்கெட் (சிறு தரவுப் பொட்டலம்) என்று அனுப்பும்போது ஒவ்வொன்றிலும் 160 பைட் குரலும் 40 பைட் முகவரி விவரமும் இருப்பதால், மொத்தம் ஒரு திசைக்கு 80 கே.பி.பி.எஸ்., அதாவது விநாடிக்கு 80,000 பிட், ஆகிறது. உங்கள் இணைப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஜி.729 என்ற சுருக்கும் கோடெக்கில் குரல் 20 பைட்தான். ஆனால் உறை அதே 40 பைட். கடிதத்தைவிட உறை இரண்டு மடங்கு கனம். இருந்தும் மொத்தம் 24 கே.பி.பி.எஸ். போதும். மெதுவான இணைப்பு உள்ள முதியவர் வீட்டுக்கு அது ஏற்றது. உங்கள் வீட்டில் ஜி.711-ஐயே முதலில் வையுங்கள்.

வேகம் தாராளமாக இருந்தும் குரல் உடைவதற்குக் காரணம் வரிசையில் நிற்பது. கைப்பேசிகள் படங்களை மேலேற்றத் தொடங்கினால், ரவுட்டரின் வாசலில் பெரிய பாக்கெட்டுகள் நீண்ட வரிசையாகக் குவிந்துவிடுகின்றன. உங்கள் சிறிய குரல் பாக்கெட் அவற்றின் பின்னால் காத்திருக்கிறது. குரல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக 150 மில்லி விநாடிக்குள் ஆவது நல்லது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை சொல்கிறது. அதைவிட மிகத் தாமதமானால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். பாக்கெட்டுகள் ஒழுங்கற்ற இடைவெளியில் வந்தால் சொற்கள் நொறுங்கும். ரவுட்டரில் கியூ.ஓ.எஸ். என்ற முன்னுரிமை வசதி இருந்தால் அடாப்டரின் முகவரிக்கு முதலிடம் கொடுங்கள். மேலேற்றும் வேகத்தை உண்மையான அளவில் 90 சதவீதமாகக் குறித்து வையுங்கள். அப்போதுதான் வரிசை உங்கள் ரவுட்டருக்குள்ளேயே நிற்கும். யாரை முன்னே விடுவது என்று அதனால் முடிவு செய்யவும் முடியும். அடாப்டரை வைஃபை நீட்டிப்பான் வழியே இணைத்திருந்தால், ஒரு நாள் மட்டும் நீளமான கேபிளால் நேராக இணைத்துப் பாருங்கள். பலருக்குக் குறை அங்கேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: நான் பேசுவது எனக்கே எதிரொலிக்கிறது.

பதில்: உங்கள் குரலை நீங்களே கேட்டால், அது பெரும்பாலும் மறுமுனையில் உண்டாகித் திரும்பி வருகிறது. மறுமுனையில் ஸ்பீக்கரில் பேசுகிறார்களா என்று கேளுங்கள். மாறாக, அவர்கள் குரல் அவர்களுக்கே எதிரொலித்தால் குறை உங்கள் வீட்டில்: ஒலி அளவைச் சற்றுக் குறைத்து, வேறு தொலைபேசியைச் செருகி, அப்போதும் போகாவிட்டால் அடாப்டரில் இம்பீடன்ஸ் (தொலைபேசிக் கம்பியின் மின்தடை அளவு) என்ற தேர்வை உங்கள் நாட்டுத் தொலைபேசிக்கு ஏற்றதாக மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: எண்ணை அழுத்தி முடித்தபின் பத்து விநாடி மௌனம், பிறகுதான் மணி போகிறது. சில எண்கள் தவறு என்றும் வருகிறது.

பதில்: எண் முடிந்துவிட்டதா, இன்னும் அழுத்தப் போகிறீர்களா என்று பெட்டிக்குத் தெரியாததால் அது காத்திருக்கிறது. சில பெட்டிகளில் அந்தக் காத்திருப்பு இயல்பாகவே 10 விநாடி. கடைசியில் # அழுத்தினால் பெரும்பாலான பெட்டிகள் உடனே அழைத்துவிடும். இல்லையேல் அமைப்புப் பக்கத்தில் காத்திருக்கும் நேரத்தை 4 விநாடியாகக் குறையுங்கள். முதியவர்கள் நிதானமாக அழுத்துவார்கள் என்பதால் அதற்கும் கீழே போக வேண்டாம்.

தவறு என்று வருவதற்குக் காரணம் முன்னொட்டு. வெளிநாட்டு அழைப்புக்கு 00 என்றோ 011 என்றோ தொடங்குவது அந்தந்த நாட்டுத் தொலைபேசி வலையின் வழக்கம். இணையச் சேவை நிறுவனம் நாட்டுக் குறியீட்டிலிருந்து தொடங்கும் முழு எண்ணைக் கேட்கலாம். நாட்டுக் குறியீட்டோடு சேர்த்து எந்த எண்ணும் 15 இலக்கங்களைத் தாண்டாது. உள்ளூரில் அழைக்கும்போது முன்னால் வரும் 0, பெரும்பாலான நாடுகளில், வெளிநாட்டிலிருந்து அழைக்கும்போது விழுந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். அடிக்கடி அழைக்கும் பத்து எண்களை நிறுவனத்தின் பக்கத்திலோ பெட்டியிலோ சுருக்க எண்களாகப் பதிந்து, பெரிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதித் தொலைபேசியின் அருகில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. எந்த வீட்டில் அடாப்டரை அமைத்தாலும் இதைச் செய்துவிட்டுத்தான் எழுந்து வருவேன்.

கேள்வி: நிமிடக் கட்டணம் மிகக் குறைவு என்று பார்த்துத்தான் சேர்ந்தேன். பணம் எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தீர்ந்துபோகிறது.

பதில்: கட்டண அட்டவணையில் நிமிட விலையைத் தவிர வேறு மூன்றைப் படிக்க வேண்டும். முதலாவது, எத்தனை விநாடிக்கு ஒரு முறை கணக்கிடுகிறார்கள் என்பது. விநாடிக் கணக்கு என்றால் 65 விநாடி பேசியதற்கு 65 விநாடிக்குரிய கட்டணம். நிமிடக் கணக்கு என்றால் அதே அழைப்புக்கு 2 நிமிடக் கட்டணம். சிறு சிறு அழைப்புகள் பேசுபவர்களுக்கு இது ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரண்டாவது, இணைப்புக் கட்டணம் என்று ஒவ்வோர் அழைப்புக்கும் தனியாகப் பிடிக்கிறார்களா என்பது. மூன்றாவது, ஒரே நாட்டில் தரைவழி எண்ணுக்கு ஒரு விலை, கைப்பேசிக்கு வேறு விலை இருப்பது. பல நாடுகளில் இரண்டுக்கும் வேறுபாடு பெரிது. கட்டிய பணம் குறிப்பிட்ட மாதங்களுக்குப் பிறகு காலாவதியாகிறதா என்பதையும் பாருங்கள். எப்போதாவது பேசுபவர் மாத வாடகைத் திட்டத்தில் சேர்வதைவிட, மாத வாடகை இல்லாத, விநாடிக் கணக்குள்ள நிறுவனத்தில் நிமிட விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் சேர்வதே நல்லது.

கேள்வி: நள்ளிரவு இரண்டு மணி, மூன்று மணிக்கு மணி அடிக்கிறது. எடுத்தால் யாரும் இல்லை. திரையில் 100 என்றும் 1001 என்றும் எண் வருகிறது. அச்சமாக இருக்கிறது.

பதில்: அச்சம் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். சேவை நிறுவனத்தின் அழைப்புப் பதிவைத் திறந்து, அந்த நேரத்தில் ஓர் அழைப்பு வந்ததாக இருக்கிறதா என்று பாருங்கள். இருக்காது. இணையத்தில் 5060 போர்ட்டைத் திறந்து வைத்திருக்கும் பெட்டிகளைத் தேடி, இரவும் பகலும் ஐ.பி. முகவரிகளைத் தட்டிக்கொண்டிருக்கும் மென்பொருள்கள் உள்ளன. அவற்றில் ஒன்று நிறுவனத்தின் வழியாக வராமல் உங்கள் பெட்டியின் கதவை நேராகத் தட்டியிருக்கிறது. வெறும் மணி அடிப்பதால் உங்களுக்குச் செலவு எதுவும் ஆகாது. ஆனால் கதவு வெளியே தெரிகிறது என்பதற்கு அது அறிகுறி.

குரல் வராத சிக்கலுக்காக யாரோ சொன்னதைக் கேட்டு ரவுட்டரில் போர்ட்டைத் திறந்து விட்டிருந்தாலோ, ரவுட்டரின் பாதுகாப்புக்கு வெளியே விடப்படும் டி.எம்.இசட். பகுதியில் அடாப்டரை வைத்திருந்தாலோ, முதலில் அதை நீக்குங்கள். பதிவு செய்த சர்வரிடமிருந்து வரும் அழைப்பை மட்டுமே ஏற்கும்படி அடாப்டரில் ஒரு தேர்வு இருக்கும், அதை இயக்குங்கள். பெட்டியின் சொந்த போர்ட்டை 5060-இலிருந்து வேறோர் உயர்ந்த எண்ணுக்கு மாற்றிவிடுங்கள். அமைப்புப் பக்கம் வெளியிலிருந்து திறக்கக் கூடாது.

உண்மையான ஆபத்து, எஸ்.ஐ.பி. கடவுச்சொல் களவு போவது. அதைப் பெற்றவர்கள் விலை மிகுந்த வெளிநாட்டு எண்களுக்கு உங்கள் கணக்கிலிருந்து அழைத்து, ஓரிரவில் கணக்கைத் துடைத்துவிடுவார்கள். ஆகையால் முன்பணக் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு மாதத் தேவைக்கு மேல் பணம் வைக்காதீர்கள். பணம் தீர்ந்தால் வங்கி அட்டையிலிருந்து தானாக நிரப்பிக்கொள்ளும் வசதியை அணைத்துவிடுங்கள். நீங்கள் அழைக்கும் நாடுகளைத் தவிர மற்றவற்றை அடைத்து வைக்கும் வசதியை நல்ல நிறுவனங்கள் தருகின்றன. கணக்குத் தொடங்கிய அன்றே அதைச் செய்துவிடுங்கள் என்று மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: இது வந்துவிட்டதால் பழைய தரைவழி இணைப்பைத் துண்டித்துவிடலாமா? வீட்டில் என் தாயார் பகலில் தனியாக இருக்கிறார்.

பதில்: தனியாக ஒருவர் இருக்கும் வீட்டில் அவசர அழைப்புக்கு அடாப்டரை மட்டும் நம்பாதீர்கள். செம்புக் கம்பித் தொலைபேசிக்கு நிலையத்திலிருந்தே மின்சாரம் வந்ததால் வீட்டில் மின்சாரம் போனாலும் அது பேசியது. அடாப்டரோ, ரவுட்டரும் மோடமும் தானும் ஆக மூன்று கருவிகளுக்கும் மின்சாரம் இருந்தால்தான் பேசும். மூன்றையும் ஒரு சிறிய யு.பி.எஸ்.-இல் இணைத்தால் மின்வெட்டின்போது ஓரளவு நேரம் தாங்கும். தெருவில் இணையமே நின்றுவிட்டால் அதுவும் உதவாது. இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் எந்த வீட்டிலிருந்து பேசுகிறீர்கள் என்பது இணைய அழைப்பில் அவசர உதவி மையத்துக்குத் தானாகத் தெரியாமல் போகலாம். சில நிறுவனங்களில் முகவரியை முன்பே பதிவு செய்ய வேண்டும். சில நிறுவனங்கள் அவசர எண்களுக்கான அழைப்பை எடுத்துச் செல்வதே இல்லை. உங்கள் நிறுவனம் எந்த வகை என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பழைய இணைப்பு இல்லாவிட்டால், பொத்தான் பெரிதாக உள்ள ஒரு சாதாரணக் கைப்பேசியை எப்போதும் மின்னேற்றி, தாயாரின் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிடுங்கள். தொலைபேசியின் மீதே “அவசரத்துக்குக் கைப்பேசி” என்று எழுதி ஒட்டுவது நல்லது. பதற்றத்தில் கை பழகிய கருவிக்குத்தான் போகும்.

கேள்வி: வங்கிக்கு அழைத்தால், “ஒன்றை அழுத்துங்கள்” என்று சொல்வதற்கு அழுத்தினால் ஏற்க மறுக்கிறது.

பதில்: அடாப்டரில் டி.டி.எம்.எஃப். (பொத்தானை அழுத்தும்போது எழும் இலக்க ஒலி) அனுப்பும் முறையை ஆர்.எஃப்.சி. 2833 என்று மாற்றுங்கள். இலக்க ஒலியைக் குரலோடு கலந்து அனுப்பினால், ஜி.729 போன்ற சுருக்கும் கோடெக் அதைச் சிதைத்துவிடும். இந்த முறையில் இலக்கம் தனிச் செய்தியாகப் போகும்.

கேள்வி: இது சட்டப்படி சரிதானா? என் வீட்டுத் தொலைபேசிக் கம்பியையும் பெட்டியில் இணைக்க அனுமதித்தால் மாதம் பணம் தருவதாக ஒருவர் சொல்கிறார்.

பதில்: இணையத் தொலைபேசி விதிகள் நாட்டுக்கு நாடு மாறுகின்றன. சில நாடுகளில் உரிமம் பெற்ற நிறுவனங்களின் சேவையை மட்டுமே பயன்படுத்தலாம். பெட்டி வைக்கப்போகும் இரண்டு நாடுகளிலும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பு என்ன சொல்கிறது என்பதைப் பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

உங்களிடம் பணம் தருவதாகச் சொன்னவரை உடனே மறுத்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் முன்பின் தெரியாதவர்களின் அழைப்புகளை, உங்கள் கம்பியின் வழியே உள்ளூர் அழைப்பாக இறக்கிவிடுவது அவருடைய நோக்கம். பல நாடுகளில் அது குற்றம். அந்த அழைப்புகளால் யாருக்காவது தீங்கு நேர்ந்தால் பதிவில் இருக்கப்போவது உங்கள் எண்ணும் உங்கள் முகவரியும்தான்.

கேள்வி: வீடு மாறுகிறேன். பெட்டியை உடன் எடுத்துச் செல்லலாமா? பழையது ஒன்றை நண்பருக்குக் கொடுக்கவும் விரும்புகிறேன்.

பதில்: எடுத்துச் செல்லலாம். எந்த ஊரில் இணையத்தில் செருகினாலும் அதே எண்ணில் மணி அடிக்கும்; அவசர அழைப்புக்காகப் பதிந்த முகவரியை மட்டும் அன்றே மாற்றிவிடுங்கள். நண்பருக்குக் கொடுப்பதற்கு முன் பெட்டியைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவர வேண்டும். லிங்க்சிஸ், சிஸ்கோ பெட்டிகளில் நட்சத்திரக் குறியை நான்கு முறை அழுத்தி, 73738# என்று அழுத்தி, உறுதிப்படுத்த 1 அழுத்த வேண்டும். தொலைபேசிப் பொத்தான்களில் உள்ள ஆங்கில எழுத்துகளைப் பார்த்தால் அந்த ஐந்து இலக்கங்களும் ‘ரீசெட்’ என்ற சொல்லாகவே அமைந்திருப்பது தெரியும். அதனால் நினைவில் வைப்பது எளிது. கிராண்ட்ஸ்ட்ரீம் பெட்டிகளில் சிறு துளைக்குள் ஒரு குண்டூசியை விட்டு ஏழு விநாடி அழுத்திப் பிடியுங்கள். அதன்பின் சேவை நிறுவனத்தின் பக்கத்துக்குப் போய் எஸ்.ஐ.பி. கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டுப் பெட்டியை நண்பரிடம் கொடுங்கள்.